நாய் இருக்கிற வீட்டில் எந்தக் கள்ளிச்செடியை வைக்கலாம்?

"கள்ளிச்செடியில் விஷம் கிடையாது, தாராளமாக வைக்கலாம்" என்று பலரும் சொல்வார்கள். நாய் வளர்ப்பவர்கள் அதை மட்டும் நம்பிச் செடி வாங்கிவிடக் கூடாது. வீட்டுத் தொட்டிகளில் வளர்கிற உண்மையான கள்ளிகளில் பெரும்பாலானவற்றில் நாயைச் சாய்க்கிற விஷம் இல்லை என்பது சரிதான். ஆனால் விஷமே இல்லாத, உள்ளங்கை அளவுள்ள ஒரு செடி நாயின் நாக்கிலும் ஈறிலும் நூற்றுக்கணக்கான முட்களை ஏற்றிவிட முடியும். இன்னொரு பக்கம், கள்ளி என்று சீட்டு ஒட்டி விற்கப்படுகிற செடிகளில் பல கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே அல்ல. விஷம் இருப்பது பெரும்பாலும் அவற்றில்தான்.

அதனால் எந்தச் செடியை எடுத்தாலும் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நாய் இதைக் கடித்துத் தின்றால் என்ன ஆகும்? நாய் இதை மோந்து பார்த்தாலோ, மேலே உரசினாலோ என்ன ஆகும்? முதல் கேள்வியில் தேறிய செடி இரண்டாவதில் தோற்கலாம். செடி விஷயத்தில் நாய்க்கு நேர்கிற அவதிகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது என்பேன்.

கையில் இருப்பது கள்ளிதானா?

கள்ளிக் குடும்பத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. செடியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள், முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்து. தண்டின் விளிம்புகளிலோ மேடுகளிலோ வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் துளிப் பஞ்சு வைத்ததுபோல் வெளுத்தோ பழுப்பாகவோ இருக்கும். முட்கள் அந்தப் பஞ்சுப் புள்ளியிலிருந்துதான் கொத்தாகக் கிளம்பும். முள்ளே இல்லாத கள்ளியிலும் அந்தப் புள்ளிகள் இருக்கும். வேறு எந்தத் தாவரக் குடும்பத்திலும் இந்த அமைப்பு கிடையாது.

கள்ளி என்ற பெயரில் விற்கப்பட்டாலும் கள்ளிக் குடும்பத்தைச் சேராத யூஃபோர்பியா வகைச் செடிகளில் இந்தப் பஞ்சுப் புள்ளி இருக்காது. முள் இருந்தால் பெரும்பாலும் இரண்டிரண்டாக, கொம்பு போல, தோலோடு ஒட்டியே நிற்கும். கீறினால் வெள்ளையாகப் பால் வடியும். ஆனால் பாலை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம். மாமிலேரியா என்கிற உண்மையான கள்ளி இனத்திலும் சில வகைகளில் பால் உண்டு. தவிர, சோதித்துப் பார்க்கிறேன் என்று கீறினால் அந்தப் பால் உங்கள் விரலில் ஒட்டும், விரலிலிருந்து கண்ணுக்குப் போகும். பஞ்சுப் புள்ளியைத் தேடுவதே நல்ல வழி.

திருகுகள்ளி, சதுரக்கள்ளி இரண்டும் யூஃபோர்பியாதான். 'பென்சில் கேக்டஸ்' என்று விற்கப்படுவது திருகுகள்ளியேதான். முள் கிடையாது, இலையும் இல்லாதது மாதிரி இருக்கும், பச்சைக் குச்சிகளாகக் கிளைத்து வளரும். பார்க்கச் சாதுவாக இருப்பதால் நாய் உள்ள வீட்டுக்குப் பொருத்தம் என்று நினைத்து வாங்குகிறார்கள். அறைக்குள் தூண் மாதிரி உயர்ந்து, விளிம்பில் முள்ளும் குட்டி இலைகளுமாக நிற்கிற யூஃபோர்பியா ட்ரைகோனாவும், முள் நிறைந்த கிளைகளில் சிவப்பாகப் பூக்கிற யூஃபோர்பியா மிலியும் இதே கூட்டம்.

இவற்றின் பால் தோலையும் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். ஒரு கிளையைக் கடித்த நாய்க்கு எச்சில் ஒழுகும், முகத்தைத் தரையில் தேய்க்கும், வாந்தி எடுக்கும். உயிர் போகிற அளவுக்கு முற்றுவது அரிது. ஆனால் கண்ணில் பட்டால் கதை வேறு. கருவிழி வீங்கிப் புண்ணாகும், கடுமையாக வலிக்கும், சில நாள் பார்வையே மங்கிவிடலாம். கிளை எளிதில் ஒடியும் செடி, ஒடிந்த இடத்தில் சொட்டுகிற பால், அதைத் தேடி வருகிற மூக்கு. அந்த மூக்குக்கு விரலளவு மேலே கண் இருக்கிறது. என் தீர்ப்பு சுருக்கமானது: நாய் இருக்கிற வீட்டுக்குள் யூஃபோர்பியா எதுவும் வேண்டாம். உயரமான அலமாரியில் வைத்துச் சமாளிக்கலாம் என்கிற வாதத்தை இந்தச் செடிகளுக்கு நான் ஏற்கவில்லை. கிளை வெட்டும்போதும் தொட்டி மாற்றும்போதும் பால் கீழே சொட்டத்தான் செய்யும்.

பெரிய முள்ளா, பொடி முள்ளா?

உண்மையான கள்ளிகளுக்கு வருவோம். முள் நீளமாக, கடினமாக இருக்கிற செடிதான் ஆபத்து என்று தோன்றும். தங்க நிற முட்களோடு பந்து மாதிரி வளர்கிற பேரல் கள்ளியைப் பார்த்தால் யாருக்கும் கையை நீட்டப் பயமாக இருக்கும். நாய்க்கும் அப்படித்தான். ஒரு தடவை மூக்கில் குத்தினால் பெரும்பாலான நாய்கள் அந்தப் பக்கம் போகாது. குத்தின முள் கண்ணுக்குத் தெரியும், விரலுக்கும் அகப்படும், இடுக்கியால் நேராக இழுத்தால் வந்துவிடும். கவலைப்பட வேண்டிய இடம் கண். அதோடு, முள் உள்ளே முறிந்து தங்கிவிட்டால் சில நாள் கழித்து அந்த இடத்தில் வீங்கிச் சீழ் கோக்கும்.

நான் அதிகம் பயப்படுவது இதற்கு நேர் எதிரான செடிக்கு. முயல் காது மாதிரி தட்டையான மடல்கள், மடல் முழுக்க மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வட்டப் புள்ளிகள், தடவிப் பார்க்கச் சொல்கிற மாதிரி மென்மையான தோற்றம். 'பன்னி இயர்ஸ்' என்று எல்லா நர்சரியிலும் கிடைக்கிற ஒபுன்ஷியா மைக்ரோடேசிஸ் அது. சப்பாத்திக்கள்ளியின் நெருங்கிய சொந்தம். நீள முள் ஒன்றுகூட இருக்காது. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் முடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான பொடி முட்களின் கொத்து. ஒவ்வொன்றின் நுனியிலும் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. லேசாகத் தொட்டாலே புள்ளி மொத்தமும் கழன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே போவது எளிது, திரும்பி வருவதைக் கொக்கி தடுக்கும்.

இதை ஒரு நாய் நக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கின் மேல் பரப்பு சொரசொரப்பானது, ஈரமானது. பொடி முட்கள் அதில் படிந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாய் நாக்கைச் சுழற்றும், மேல் அண்ணத்தில் தேய்க்கும், முன்னங்காலால் வாயைக் கோதும். ஒவ்வொரு அசைவும் முட்களை இன்னும் ஆழமாக, இன்னும் புதிய இடங்களுக்குக் கொண்டுபோகும். கோதிய காலிலும் முள் ஏறும். பிறகு அந்தக் காலை நக்கும். இந்தச் சுற்று தானாக நிற்காது. மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, வெளிச்சம் வைத்து, இடம் இடமாகப் பார்த்து எடுக்க வேண்டியிருக்கும். அப்போதும் சில தங்கிவிடும். அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் தசை தடித்துப் போகலாம். இத்தனைக்கும் விஷப் பட்டியல்களில் தேடினால் இந்தச் செடி பயப்பட வைக்காது.

இன்னொரு தொல்லையும் உண்டு. தொட்டி மாற்றும்போது பறக்கிற பொடி முட்கள் உங்கள் துணியிலும் தரைவிரிப்பிலும் நாயின் படுக்கையிலும் உட்காரும். செடியை எட்டாத இடத்தில் வைத்திருந்தாலும் முள் வேறு வழியில் நாயிடம் போய்ச் சேர்ந்துவிடும். 'முள்ளில்லாத ஒபுன்ஷியா' என்று விற்பவற்றிலும் நீள முள் இல்லாமல் போயிருக்குமே தவிர, இந்தப் பொடி முள் இருக்கவே செய்யும். எனவே பேரல் கள்ளியா, முயல் காதா என்று இரண்டுக்குள் கேட்டால், பயமுறுத்துகிற பேரல் கள்ளியே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

பாலைவனக் கள்ளியின் தோற்றம்தான் வேண்டும், முள் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆஸ்ட்ரோஃபைட்டம் மிரியோஸ்டிக்மா ஐந்து விளிம்புகளோடு, வெண்மையான பொடிப் புள்ளிகள் தூவிய கல் மாதிரி இருக்கும், முள் இருக்காது. எக்கினாப்சிஸ் சப்டெனுடேட்டாவில் முட்கள் அந்தப் பஞ்சுப் புள்ளிக்குள்ளேயே மறைந்துவிடும் அளவுக்குக் குட்டி. இரவில் பெரிய வெள்ளைப் பூ பூக்கும். தலையில் சிவப்பு, மஞ்சள் பந்து ஒட்டிய 'மூன் கேக்டஸ்' பற்றியும் கேட்பார்கள். அது இரண்டு கள்ளிகளை ஒட்டுப் போட்டது. மேலே இருப்பது பச்சையமே இல்லாத ஜிம்னோகலீசியம், கீழே தண்டாக நிற்பது பெரும்பாலும் டிராகன் ஃப்ரூட் இனம். முள் குட்டைதான். ஒட்டு பலவீனமானதால் நாய் தட்டினால் செடிக்குத்தான் முதல் சேதம்.

பெயோட்டி, சான் பெட்ரோ என்கிற இரண்டு கள்ளிகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டிலும் மெஸ்கலின் என்கிற மனநிலையைக் குலைக்கிற வேதிப்பொருள் இருக்கிறது. கள்ளிகளிலேயே உள்ளடக்கத்தால் ஆபத்தானவை இவை. நாய் உள்ள வீட்டில் இடமில்லை.

காட்டுக் கள்ளிகள்: என் முதல் தேர்வு

கள்ளி என்றாலே பாலைவனம் நினைவுக்கு வரும். மழைக்காட்டில், மரக்கிளைகளின் மேல் ஒட்டி வளர்கிற கள்ளிகளும் உண்டு. பிரேசிலின் தென்கிழக்கு மலைக்காடுகளிலிருந்து வந்த ஷ்லும்பெர்கேரா அவற்றில் புகழ்பெற்றது. 'கிறிஸ்துமஸ் கேக்டஸ்' என்று கடைகளில் கிடைக்கும். தட்டையான பச்சைத் துண்டுகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்துத் தொங்கும், நுனியில் இளஞ்சிவப்பு, சிவப்பு, வெள்ளை நிறங்களில் பூக்கும். குத்துகிற முள் கிடையாது. நாய்க்கு விஷமில்லாத செடிகளின் பட்டியலில் அமெரிக்காவின் விலங்கு நல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ. இதைச் சேர்த்திருக்கிறது. ஈஸ்டர் கேக்டஸும் அந்தப் பட்டியலில் உண்டு.

நாய் ஒன்றிரண்டு துண்டுகளைப் பிடுங்கித் தின்றுவிட்டால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நிறையத் தின்றால் நார்ச்சத்து சேராமல் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வரலாம், ஒரு நாளில் அடங்கும். கீழே உதிர்கிற துண்டைப் பற்றியும் பயப்பட வேண்டாம். எடுத்து ஈர மண்ணில் செருகினால் புதுச் செடியாகிவிடும்.

இதைப் பாலைவனச் செடி மாதிரி நடத்தினால் மட்டும் கோபித்துக்கொள்ளும். நேர் வெயில் ஆகாது, மேல் மண் காய்ந்ததும் தண்ணீர் கேட்கும். மொட்டு வைக்க நீண்ட இரவு வேண்டும்: சில வாரங்கள் தொடர்ந்து தினம் பன்னிரண்டு, பதினான்கு மணி நேர இருட்டு கிடைத்தால் நன்றாகப் பூக்கும். ராத்திரியெல்லாம் விளக்கு எரிகிற அறையில் இலை மட்டுமே பார்க்கலாம். இவ்வளவு தெரிந்துகொண்டால் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும் செடி.

இரவில் ஒரே ஒரு ராத்திரி மட்டும் மலர்ந்து மணக்கிற நிஷாகந்தியும் காட்டுக் கள்ளிதான்; பலர் வீட்டில் அதைக் கள்ளி என்றே தெரியாமல் வைத்திருப்பார்கள். மெல்லிய பச்சை நூல்களாகத் தொங்குகிற ரிப்சாலிஸும் இதே வகை. இரண்டும் நாயைக் குத்தாது. தொங்கும் தொட்டிக்கு ரிப்சாலிஸ் மாதிரி பொருந்துவது வேறில்லை.

கள்ளி மாதிரி இருக்கிற மற்றவை

சதைப்பற்றுள்ள செடிகளையும் கள்ளியோடு சேர்த்தே அடுக்கி விற்பதால் இவற்றையும் பார்த்துவிடலாம். வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடு போட்ட ஹவோர்தியா, ரோஜா இதழ் அடுக்கு மாதிரி இருக்கிற எச்சிவேரியா, இரண்டும் நாய்க்கு விஷமில்லாதவை, முள்ளும் குத்தாது. மேசையில் குட்டித் தொட்டியில் வைக்க இவையே போதும்.

கவனிக்க வேண்டியது ஹவோர்தியாவும் சோற்றுக்கற்றாழையின் குட்டிச் செடியும் ஒரே மாதிரி இருப்பது. கற்றாழை மடலின் தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கசிகிற சாறு நாய்க்கு ஆகாது. வாந்தி, பேதி, சோர்வு வரும். மனிதர்களுக்கு நல்ல மருந்தாயிற்றே என்று நினைத்துப் பலர் இதில் கவனமில்லாமல் இருக்கிறார்கள். கற்றாழை மடலின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி இருக்கும். சாதாரணமாகக் கிடைக்கும் ஹவோர்தியாவில் அது இருக்காது, வெள்ளைக் கோடோ மணியோ இருக்கும்.

ஜேட் செடியும் ஸ்னேக் பிளான்ட்டும் நாய்க்கு ஒவ்வாதவை. அடினியத்திலும் கலாஞ்சோவிலும் இருப்பது இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. ரணகள்ளி கலாஞ்சோ வகைதான் என்பதை மறக்க வேண்டாம். அடினியம், கலாஞ்சோ இரண்டில் எதை ஒரு நாய் தின்றாலும் "பார்த்துக்கொண்டு இருப்போம்" என்று காத்திருக்கக் கூடாது.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது?

செடியைவிடத் தொட்டியே நாயை அதிகம் இழுக்கும். எலும்புத்தூளும் இரத்தத்தூளும் கலந்த உரம் நாய் மூக்குக்கு விருந்து. தொட்டியைக் கவிழ்த்து மண்ணையே தின்கிற நாய்கள் உண்டு. எலும்புத்தூள் நிறைய உள்ளே போனால் வயிற்றில் கெட்டியான உருண்டையாகி அடைத்துக்கொள்ளலாம், கணையம் வீங்கலாம். மாவுப்பூச்சிக்கு மண்ணில் போடுகிற மருந்து இன்னும் மோசம். நாய் இருக்கிற வீட்டில் மாவுப்பூச்சியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அழகுக்காக மேலே பரப்புகிற கூழாங்கல்லை நாய்க்குட்டிகள் விழுங்கும். குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சைவரை போகும். கள்ளியின் தலையில் பசை வைத்து ஒட்டிய காய்ந்த பூவோடு வாங்கியிருந்தால், நாய் பிய்த்துத் தின்பதற்கு முன் நீங்களே அதை எடுத்துவிடுங்கள்.

உங்கள் நாய் எப்படிப்பட்டது?

பல் முளைக்கிற பருவத்து நாய்க்குட்டி, அதாவது மூன்று மாதம் முதல் ஏழு மாதம் வரை, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். அந்தக் காலம் முடியும்வரை முள் செடி எதுவும் தரையிலோ தாழ்ந்த மேசையிலோ வேண்டாம். வளர்ந்து அடங்கின நாய்க்கு ஒரு பேரல் கள்ளி பெரிய ஆபத்தில்லை. பக், ஷிட்சு மாதிரி முகம் தட்டையாகக் கண் பிதுங்கி இருக்கிற நாய்களுக்கு மூக்கு முன்னால் நீண்டு கண்ணைக் காப்பதில்லை. மோந்து பார்க்கக் குனிந்தாலே முள் கண்ணில் படும். பார்வை மங்கின வயசான நாய்க்கும் அதே கவலை. பெரிய நாயின் வால் ஒரு தாழ்ந்த மேசையைத் துடைத்துப் போட்டுவிடும். அப்புறம் தொட்டி உடைந்து, செடி தரையில் கிடக்கும்போது அதன் மேல் நடக்கிற பாதம்தான் முதலில் மாட்டும்.

முள் கள்ளி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் நாய் போகாத, கதவு மூடுகிற அறையின் ஜன்னலில் வைக்கலாம், அல்லது கண்ணாடிப் பெட்டிக்குள். அலமாரியின் மேல் தட்டு என்றால், பக்கத்தில் நாய் ஏறக்கூடிய சோபா இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கசப்புத் திரவம் தெளிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கசப்பு தெரிவதற்குள் முள் ஏறியிருக்கும்.

குத்திவிட்டால்

நாய் முகத்தைத் தரையில் தேய்க்கிறது, எச்சில் வடிக்கிறது, சாப்பாட்டுத் தட்டிடம் போய்விட்டுத் திரும்பி வருகிறது, ஒரு கண்ணைச் சுருக்குகிறது, நொண்டுகிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உதடு, ஈறு, நாக்கின் அடிப்பக்கம், பாத மெத்தைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தெரிகிற நீள முள்ளை இடுக்கியால், குத்தின கோணத்திலேயே நேராக இழுங்கள். நாய் நக்காமல் இருக்கக் கழுத்துக்குக் கூம்பு மாட்டிவிடலாம். வாய்க்குள் பொடி முள் என்றால் வீட்டில் முயலாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கண்ணில் நிற்கிற முள்ளை யாரும் இழுக்கக் கூடாது. நாய் அதைக் கோதாமல் தடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

யூஃபோர்பியா பால் கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரால் ஒரு கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்க வைக்க நீங்களாக முயல வேண்டாம். முள்ளும் பாலும் போன வழியிலேயே திரும்பி வந்து தொண்டையை மறுபடி புண்ணாக்கும். வலி பொறுக்காமல் கத்துகிறதே என்று மனிதர்கள் சாப்பிடும் இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் கொடுத்துவிடாதீர்கள், அவை நாய்க்கு விஷமாகும். தின்ற செடியின் ஒரு துண்டையோ படத்தையோ கூடவே எடுத்துப் போனால் மருத்துவருக்கு வேலை பாதியாகும்.

இப்போது என்ன செய்யலாம்?

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் ஷ்லும்பெர்கேரா, அது வேண்டாம் என்றால் ரிப்சாலிஸ், மேசைக்கு ஹவோர்தியா. பாலைவன அழகு வேண்டுமானால் ஆஸ்ட்ரோஃபைட்டம். ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பேரல் கள்ளியைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். முயல் காதும் யூஃபோர்பியாவும் நாயில்லாத ஒருவர் வீட்டுக்குப் போகட்டும். முயல் காதை எடுக்கும்போது நாயை வேறு அறையில் அடைத்துவிட்டு, செடியைப் பல மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் இறக்குங்கள். தொட்டி இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை அலசி வைத்துக்கொள்ளாமல் அப்படியே குப்பையில் போட்டுவிடுங்கள்.